தக்காளிக்குப் போட்ட மூட்டம்

அடி அண்ணாமலை,
18-12-1977

அன்புள்ள மகன் சக்கரபாணிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் உடம்பைப் பற்றி இனிமேலாவது முதல் வரியில் எழுது. போன தடவை காய்ச்சல் வந்த செய்தியைக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தாய். முதல் பக்கம் முடிந்ததுமே, பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று உன் அம்மா கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். பிறகு கூப்பிட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஐப்பசிப் புயல் மழையில் நாற்றங்கால் அழுகிப்போனதை எழுதியிருந்தேன். வெளியில் நாற்று வாங்கி மறுபடி நட்டதில் தக்காளி ரொம்பப் பின்தங்கிவிட்டது. கார்த்திகையில் காய் பிடித்திருக்க வேண்டிய செடி, மார்கழி பிறந்த பிறகுதான் பூவெடுக்கிறது. இந்த வருஷம் பனியும் ஜாஸ்தி. காலையில் மலை இருக்கும் திசையே தெரிவதில்லை. இலை நுனியெல்லாம் ஈரம் சொட்டி, வெயில் வந்ததும் அந்த இடம் கருகுகிறது. பூ காம்போடு கழன்று விழுகிறது. உன் அண்ணன் வேணு தினமும் விழுந்த பூவைக் கையில் அள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் கொட்டுகிறான். ஒன்றும் சொல்லாமல் கொட்டுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் பட்டாளம் இருக்கிற ஜலந்தர் பக்கத்தில் உறைபனி விழுகிற நாட்களில் குடியானவர்கள் ஈர வைக்கோலைக் குவித்துப் புகை மூட்டம் போட்டுக் காய்கறிச் செடிகளைக் காப்பாற்றுகிறார்கள் என்று நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். இங்கே பனி உறைவதில்லை. உறையாத பனிக்கு அந்த வைத்தியம் சரியா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் வேணுவிடம் சொன்னேன். அவன் உடனே ஈர வைக்கோல், வேப்பந்தழை, சோளத்தட்டை எல்லாம் சேர்த்து வரப்போரமாகக் குவியல் வைத்துவிட்டான். நேற்றும் இன்றும் விடியற்காலையில் கொளுத்தினோம்.

ஒரு சின்னச் சங்கடம். புகை மேலே போகும் என்று பள்ளிக்கூடத்தில் அத்தனை வருஷம் பாடம் நடத்தியவன் நான். காற்றில்லாத மார்கழிக் காலையில் அது மேலே போகவில்லை. மலைப் பக்கத்துக் குளிரோடு சேர்ந்து தரையிலேயே தவழ்ந்து, சரிவில் இறங்கி, கீழே இருக்கிற ராமதாஸின் சாமந்திக் கொல்லைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அவன் பனி ஈரத்தோடு பறித்து அனுப்பிய பூவில் புகை வாசனை ஏறிவிட்டதாம். புகை நாறுகிற பூ சாமிக்கு ஆகாது என்று கோபுரத்தெருப் பூக்கடைக்காரர் கூடையைத் திருப்பி அனுப்பிவிட்டார். மார்கழி மாதப் பூவை நம்பித்தான் அவன் வருஷமே ஓடுகிறது என்பது உனக்குத் தெரியும்.

இன்று மத்தியானம் வந்தான். கோபமாக வரவில்லை. "பெரியப்பா, நீங்க செடிக்கு சாம்பிராணி போடுறீங்க, எம் பூவுக்கு ஜலதோஷம் புடிச்சிக்குது" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் நிறுத்திவிடலாம் என்று வாயெடுப்பதற்குள் வேணு, "உம் பூவுக்கு மூக்கு இருந்தா அடைச்சி வச்சிக்கோடா" என்று சொல்லிவிட்டான். ராமதாஸின் சிரிப்பு நின்றுவிட்டது. என் தம்பி அப்பாதுரை உயிரோடு இருந்த காலத்தில் அவன் பிள்ளை ராமதாஸும் நம் வேணுவும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். நாளைக்கு வேணுவிடம் நிதானமாகப் பேசலாம் என்று இருக்கிறேன்.

காதுக்குக் கம்பளி கட்டிக்கொள். அண்ணாமலையார் காவல்.

உன் அப்பா,
கோதண்டராமன்.


அடி அண்ணாமலை,
26-12-1977

அன்புள்ள சக்கரபாணிக்கு,

உன் அண்ணி வெள்ளையம்மாள் உனக்கு ஏற்கெனவே கடிதம் போட்டுவிட்டதாக இன்றுதான் சொன்னாள். என்ன எழுதினாள் என்று கேட்டேன். நடந்ததை எழுதினேன் என்றாள். அவள் நடந்ததைப் பார்க்கவில்லை. பார்த்தவன் நான். அதனால் நானே எழுதிவிட வேண்டும்.

வேணுவிடம் நிதானமாகப் பேச வேண்டும் என்று எழுதியிருந்தேன் அல்லவா. பேசவில்லை. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் பேசலாம் என்று நினைப்பேன், அவன் முகத்தைப் பார்த்ததும் காலையில் பேசலாம் என்று தள்ளிப்போடுவேன். காலையில் அவன் எனக்கு முன்னாலேயே மூட்டம் கொளுத்தியிருப்பான். ராமதாஸ் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து குவியல்களில் ஊற்றினான். வேணு மறுநாள் புதுக் குவியல் வைத்தான். கடைக்காரர் வாங்காமல் இரண்டு கூடைப் பூ வீதியில் கொட்டப்பட்டது. திரும்பி வந்த பூவை ராமதாஸ் நம் வாசலிலேயே கொண்டுவந்து கொட்டினான்.

வியாழக்கிழமை காலை அவன் கொடுவாளோடு வந்தான். மனிதரை வெட்ட வரவில்லை. இதை நீ நம்ப வேண்டும். குவியலுக்குள் இருந்த சோளத்தட்டைகளை வெட்டிக் கலைத்துப்போட வந்தான். குனிந்து ஒரு குவியலைக் கலைத்துக்கொண்டிருந்தபோது வேணு பின்னாலிருந்து போய் அவன் பிடரியைப் பிடித்து, புகைந்துகொண்டிருந்த குவியலுக்குள் முகத்தை அமுக்கினான். ராமதாஸ் காலை உதைத்துக்கொண்டு திமிறினான். முடி கருகுகிற நாற்றம் வந்தது. நான் ஓடிப்போய் வேணுவின் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். அவன் உடம்பை ஒரு உதறு உதறியதில் நான் செடிகளுக்கு நடுவே போய் விழுந்தேன்.

நான் எழுந்திருப்பதற்குள் ராமதாஸ் கண் தெரியாமல் கொடுவாளைச் சுழற்றிவிட்டான். வேணுவின் இடது உள்ளங்கையில் விழுந்தது. ரத்தம் பீறிட்டு என் வேட்டியில் அடித்தது. வேணு பக்கத்தில் கிடந்த மண்வெட்டியை ஒற்றைக் கையால் எடுத்து அதன் பின்பக்கத்தால் ராமதாஸின் தலையில் அடித்தான். தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது. விழுந்தவன் மேல் இன்னொரு அடி ஓங்கினான். அந்த அடி என் தோளில் விழுந்ததால் அவன் தலையில் விழவில்லை. நான் வேண்டுமென்று குறுக்கே போனேனா, கால் தடுக்கிக் குறுக்கே விழுந்தேனா என்று எனக்கே நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

இரண்டு பேரையும் ஒரே மாட்டு வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வேறு வண்டி கிடைக்கவில்லை. ராமதாஸின் தலை என் மடியில். வேணு எதிரே துண்டால் சுற்றிய கையைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். வழியெல்லாம், "செத்தானா பாருப்பா, செத்தானா பாரு" என்று கேட்டுக்கொண்டே வந்தான். பயந்து கேட்டானா, ஆசைப்பட்டுக் கேட்டானா என்று புரியவில்லை.

வேணுவுக்கு இரண்டு விரல் இனிமேல் மடங்காது என்கிறார் டாக்டர். ராமதாஸுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருக்கிறது. வேலூருக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டதற்கு, இப்போது அசைக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போலீஸார் இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டு போனார்கள். அவன் பிழைத்தால் ஒரு வழக்கு, பிழைக்காவிட்டால் வேறு வழக்கு என்று சப்-இன்ஸ்பெக்டர் சொன்னார். உன் அண்ணன் பேர் எந்த வழக்கில் ஏறப்போகிறது என்பது ராமதாஸின் மூச்சில் இருக்கிறது.

அதோடு முடிந்திருந்தால் நான் உன்னிடம் இவ்வளவு எழுதமாட்டேன். வெள்ளிக்கிழமை வெள்ளையம்மாள் சாமந்திக் கொல்லைக்குள் இறங்கிப் பூவும் மொட்டுமாகப் பிடுங்கி எறிந்தாள். ராமதாஸின் மனைவி கன்னியம்மாள் ஓடிவந்து தலைமுடியைப் பிடித்தாள். இரண்டு பேரும் பாத்தியில் உருண்டார்கள். கன்னியம்மாளின் காதுத் தோடு சதையோடு பிய்ந்து வந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்க வூட்டுக்குத்தான வாழ வந்தேன் மாமா, இன்னா பண்ணேன் நானு" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அவளை என் தம்பிக்கு மருமகளாகப் பெண் பார்த்து முடித்தவன் நான்தான்.

நேற்று வெள்ளையம்மாளின் அண்ணன் மூர்த்தி செங்கத்திலிருந்து ஆட்களோடு வந்து இறங்கியிருக்கிறான். கையில் தடிகள். கன்னியம்மாளின் பிறந்த வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்து எதிர்வரப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். நாளை மறுநாள் விடியற்காலையில் மூட்டம் போட்டே தீருவோம் என்கிறான் மூர்த்தி. தக்காளி பிழைக்க வேண்டும் என்ற எண்ணம் இப்போது யாருக்கும் இல்லை. இவர்களுக்குப் புகை எழும்ப வேண்டும், அவர்களுக்கு அதைத் தடுக்க வேண்டும், அவ்வளவுதான். நான் நிறுத்தச் சொன்னேன். "பெருசு, நீ உள்ள போய் பேப்பர் படி" என்றான்.

என்ன செய்வது என்று புரியவில்லை. நீ அங்கிருந்து எதுவும் செய்துவிடாதே. இதைத் தபாலில் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

அப்பா.


அடி அண்ணாமலை,
7-1-1978

என் அருமை மகன் சக்கரபாணிக்கு,

உன் கடிதம் வந்தது. இருபதாம் தேதி லீவில் கிளம்புவதாக எழுதியிருக்கிறாய். "அண்ணன் கைக்கு அவன் கை. மீதியை நேரில் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். என் கடிதம் உனக்குக் கிடைப்பதற்கு முன்னால் எழுதியது என்று தேதியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். என் கடிதத்தைப் படித்த பிறகு அந்த வரியை நீ மாற்றிக்கொண்டாயா என்று எனக்குத் தெரியவில்லை. மாற்றிக்கொண்டிருப்பாய் என்று நினைத்துப் படுக்கிறேன். அப்படி நினைப்பது என் கோழைத்தனமோ என்று எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். ஆகையால் இங்கே மிச்சம் நடந்ததையும் எழுதுகிறேன்.

மூர்த்தி மூட்டம் போடுவதாகச் சொல்லியிருந்த விடியற்காலைக்கு முந்தைய நாள் மத்தியானம். அவனும் ஆட்களும் வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எதிர்வரப்பில் அவர்களும் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கதிர் அரிவாளை எடுத்துக்கொண்டு தக்காளிக் கொல்லையில் இறங்கினேன். கிழக்கு வரப்பிலிருந்து வரிசையாக அறுக்க ஆரம்பித்தேன்.

பூவும் பிஞ்சுமாக நின்ற செடிகள். பனியில் தப்பித்தவை. சில செடிகளில் கோலிக்குண்டு அளவுக்குக் காய் பிடித்திருந்தது. அடித்தண்டைப் பிடித்து அறுத்து அப்படியே போட்டுக்கொண்டு போனேன். முதல் வரிசை முடியும் வரை யாரும் என்னைக் கவனிக்கவில்லை. கிழவன் களை எடுக்கிறான் என்று நினைத்திருப்பார்கள். இரண்டாவது வரிசையில் மூர்த்தி பார்த்துவிட்டான். சாப்பிட்ட கையோடு ஓடிவந்தான்.

"வாத்தியாரே, புத்தி கித்தி பூட்டுதா உனக்கு? உன் மானத்துக்குத்தான நாங்க வந்து குந்தினு இருக்கறோம்" என்று கத்தினான்.

நான் அடுத்த செடியை அறுத்தேன். பதில் சொல்ல நின்றால் மறுபடி குனிய எனக்குத் தைரியம் இருக்காது என்று தெரியும். அவன் என் கையிலிருந்த அரிவாளைப் பிடுங்கினான். பிடுங்கும்போது என் கட்டைவிரல் அறுபட்டது. நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான், மல்லாந்து விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்தே கைக்கு எட்டிய செடியை வேரோடு பிடுங்கினேன். அடுத்ததையும் பிடுங்கினேன். முட்டி போட்டபடியே வரிசை மாறாமல் போய்க்கொண்டிருந்தேன். அவன் ஆட்களில் ஒருவன் தடியால் என் முதுகில் ஒன்று வைத்தான். எதிர்வரப்பில் யாரோ சிரித்தார்கள்.

அப்போதுதான் உன் அம்மா வந்தாள். உன் அம்மா பொதுவில் பேசுகிறவள் அல்ல, உனக்கே தெரியும். மூர்த்தியின் முன்னால் போய் நின்று, "ராமதாசு செத்தான்னா நீ செங்கத்துக்குப் போய் குளிச்சிட்டு சோறு துன்னுவ. பங்காளித் தீட்டு எங்களுக்கு. மொட்ட அடிச்சிக்கறது எம் புள்ளைங்க. உனக்கு இன்னாய்யா போச்சு?" என்றாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் பிடுங்க ஆரம்பித்தாள்.

பொழுது சாய்வதற்குள் கொல்லையில் நின்ற செடி ஒன்றுகூட இல்லை. மூட்டம் போட்டுக் காப்பாற்ற ஒன்றும் இல்லாமல் போனதால் இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

நான் செய்தது சரி என்று யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் வேணுவிடம் நானே போய்ச் சொன்னேன். "எங் கையும் போச்சு, செடியும் போச்சு. அவன் ஜெயிச்சதுக்கு நீயே பந்தல் போட்டுக் குடுத்துட்ட" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன், இன்னும் என்னோடு பேசவில்லை. நான் கொடுக்கிற கஞ்சியை வாங்கிக் குடிக்கிறான், டம்ளரைக் கீழே வைக்கிறான். அவ்வளவுதான். ஒருவேளை அவன் சொல்வதும் சரியாக இருக்கலாம்.

இன்னொன்று. மூட்டம் போடும் யோசனை எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் என்னைக் கேட்டார்கள். போலீஸாரும் கேட்டார்கள். ஏதோ விவசாயப் பத்திரிகையில் படித்தேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். வேணுவுக்கும் அப்படித்தான் தெரியும். நீயும் அப்படியே சொல். நீ அங்கே உறைகிற பனியைப் பார்த்து நல்ல எண்ணத்தில் எழுதியது. இங்கத்துப் பனி வேறு, காற்று வேறு என்று யோசித்திருக்க வேண்டியவன் நான்.

இனி நான் முக்கியமாக எழுத வந்தது.

ராமதாஸ் பிழைத்துக்கொண்டான். செவ்வாய்க்கிழமை கண் விழித்து நன்றாகப் பேசினான். முகத்தில் புகைச் சூட்டில் வெந்த தோல் உரிந்துகொண்டிருக்கிறது. நான் போய்த் தலைமாட்டில் நின்றேன். முகத்தில் காறித் துப்புவான் என்று எதிர்பார்த்துத்தான் நின்றேன். அவன் என்னைப் பார்த்து, "வா பெரியப்பா. கொப்பரைய மலை மேல ஏத்திட்டாங்களா?" என்று கேட்டான்.

கார்த்திகை தீபம் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. தீபக் கொப்பரை மலை ஏறிய அன்று நெய்க் குடம் தூக்கிக்கொண்டு கூட்டத்தோடு மேலே போனவன் அவன். அது அவனுக்கு நினைவில்லை. புயலில் நம் நாற்று அழுகியது தெரிகிறது. நாற்று வாங்க வேணுவோடு அவனும் வந்தது தெரிகிறது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. புகை தெரியவில்லை. பூக்கடையிலிருந்து திரும்பி வந்த கூடை தெரியவில்லை. தலையில் ஏன் கட்டு என்று கேட்டானாம். கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்துவிட்டாய் என்று கன்னியம்மாள் சொல்லியிருக்கிறாள். காதில் கட்டுப் போட்டுக்கொண்டு அவள் அதைச் சொன்னாள்.

வெள்ளையம்மாள் இதை நடிப்பு என்கிறாள். கேஸுக்காக வக்கீல் சொல்லிக்கொடுத்தது என்கிறாள். தலையில் அடிபட்டால் இப்படி ஆவதுண்டு, பிறகு நினைவு வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். எனக்கு மனிதர்களை எடைபோடத் தெரியாது. ஆனால் அடுத்த வார்டில் வேணு இருக்கிறான் என்று யாரோ சொல்லிவிட, கையில் அடிபட்டதை யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு, ராமதாஸ் தன் பங்குக்கு வந்த ஆரஞ்சுப் பழத்தை நர்ஸிடம் கொடுத்து, "எங்க அண்ணனுக்குக் குடும்மா" என்று அனுப்பியிருக்கிறான். வேணு அந்தப் பழத்தைச் சாப்பிடவும் இல்லை, தூக்கி எறியவும் இல்லை. தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான்.

ராமதாஸுக்கு உண்மையைச் சொல்ல வேண்டியது என் கடமை என்று தெரிகிறது. தினமும் அதற்காகவே போகிறேன். தக்காளி எப்படி இருக்குது பெரியப்பா, பனி ஜாஸ்தியா என்று அவன் கேட்கிறான். பனி ஜாஸ்திதான் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன். வேணு ஒரு நாள் எழுந்து நடந்து, தானே அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நடக்குமோ நடக்காதோ.

நீ லீவில் வருவதை உன் அம்மா ராமதாஸிடம் சொல்லிவிட்டாள். அவனுக்கு ஒரே சந்தோஷம். நீ பட்டாளத்துக்குப் போனபோது உன் டிரங்குப் பெட்டியைக் காட்பாடி வரை தூக்கி வந்தவன் அவன்தான் என்று பக்கத்துக் கட்டில்காரரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அதற்குள் ஆஸ்பத்திரியை விட்டு வந்துவிடுவேன், பஸ் ஸ்டாண்டுக்கு நானே வண்டி கட்டிக்கொண்டு போய்த் தம்பியைக் கூட்டி வருகிறேன் என்கிறான். டாக்டர் விட்டாலும் விட்டுவிடுவார்.

ஆகவே மகனே, நீ பஸ்ஸை விட்டு இறங்கும்போது உன் எதிரே முதலில் நிற்பது அவனாக இருக்கலாம். மொட்டைத் தலையில் தையல் தழும்போடு, உரிந்த முகத்தோடு, உன்னைப் பார்த்துச் சிரிப்பான். உன் பெட்டியை வாங்கக் கை நீட்டுவான். அந்தக் கையை நீ என்ன செய்தாலும், எதற்காகச் செய்கிறாய் என்று அவனுக்குத் தெரியாது.

நான் பக்கத்தில் இருப்பேன். என்னால் யாரையும் இழுத்துப் பிடிக்க முடியாது என்பதை நீ இந்தக் கடிதங்களில் பார்த்திருப்பாய். உன்னைப் பார்க்க வேண்டும் என்று உயிரெல்லாம் துடிக்கிறது. ஆனாலும் அந்தப் பெட்டியை அவனிடம் கொடுக்க உன்னால் முடியும் என்று தோன்றினால் வா. முடியாது என்று தோன்றினால் இந்த லீவை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடு. வராததற்கு நான் ஒரு காரணமும் கேட்கமாட்டேன்.

நீ எங்கே இருந்தாலும் உன் கை சுத்தமாக, உன் தூக்கம் நிம்மதியாக, நெடுங்காலம் நன்றாக இரு.

உன் வரவுக்கும், வராமல் இருப்பதற்கும், இரண்டுக்குமாக வேண்டிக்கொண்டிருக்கும்
உன் அப்பா,
கோதண்டராமன்.